பழைய கட்டடம் மேல போட்ட பழி: ஒரு பாளையங்கோட்டை பள்ளிக்கூடத்தோட கரண்டும் கார்பனும்

பாளையங்கோட்டையில உள்ள ஒரு அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளிக்கூடம், பேர் வேண்டாம். கிட்டத்தட்ட 900 பிள்ளைங்க படிக்காங்க. கேம்பஸ்ல ரெண்டு கட்டடம். ஒண்ணு நூறு வருஷம் தாண்டின சுண்ணாம்புக் கட்டடம், இன்னொண்ணு 1988ல எழும்பின கான்கிரீட் கட்டடம், அதை இன்னைக்கும் எல்லாரும் "புது பில்டிங்"னுதான் சொல்லுவாங்க. நிர்வாகத்துல கொஞ்ச நாளா ஒரு பேச்சு, பழசை இடிச்சிட்டு அந்த இடத்துல பத்தாயிரம் சதுர அடிக்கு கான்கிரீட்ல கட்டிரலாம்னு. காரணம் ரெண்டு சொன்னாங்க, ஒண்ணு பாதுகாப்பு, இன்னொண்ணு கரண்ட் பில். பழைய கட்டடம் கரண்டை இழுக்குது, இந்தக் காலத்துல சுற்றுச்சூழலுக்கும் ஆகாதுன்னு ஒருத்தர் சொல்ல மத்தவங்களும் தலையாட்டிட்டாங்க.

பாதுகாப்பு பத்தின பயத்தை யாரும் லேசா எடுத்துக்கக் கூடாது. 2021 டிசம்பர்ல நம்ம திருநெல்வேலியிலயே ஒரு பள்ளிக்கூடத்துல கழிப்பறைச் சுவர் இடிஞ்சு விழுந்து மூணு பையங்க இறந்து போனாங்க, அதுக்கப்புறம்தான் மாநிலம் முழுக்க பழுதான பள்ளிக் கட்டடங்களைப் பாத்து இடிக்கச் சொல்லி உத்தரவு போச்சு. அதனால அந்தக் கேள்விக்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பாத்துதான் பதில் சொல்லணும், சொல்லவும் செஞ்சார், அது பின்னால வருது. ஆனா கரண்ட் பில் காரணத்தை யாருமே கணக்குப் போட்டுப் பாக்கல. எனக்கு எனர்ஜி ஆடிட், அதாவது கரண்ட் எங்க எவ்வளவு செலவாகுதுன்னு கணக்குப் பாக்கிற வேலை, அதே பள்ளிக்கூடத்துல படிச்சவன் வேற, அதனால கணக்கை நானே போட்டுத் தாரேன்னு ஹெச்எம் சார்கிட்ட கேட்டேன். "தாராளமா பாருங்க சார்வாள், ஆனா கமிட்டிக்காரங்களுக்கு புரியிற மாதிரி எழுதிக் குடுங்க"ன்னார். அந்த ரிப்போர்ட்டைத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதுதேன்.

முதல்ல கட்டடங்களைப் பாப்போம், ஏன்னா பாதிக் கதை அங்கயே இருக்கு. பழைய பிளாக் கிழக்கு மேற்கா நீளமா ஓடுது, வடக்கயும் தெக்கயும் தாழ்வாரம், அதனால வெயில் நேரா ரூம் சுவர்ல அடிக்கவே அடிக்காது. சுவர் ரெண்டு அடி கனம், செங்கலும் சுண்ணாம்புக் காரையும். அந்தக் காலத்துல நம்ம பக்கம் காரையில கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டித் தண்ணியும் ஊத்தி அரைச்சிருக்காங்க, இன்னைக்கும் ஆணி அடிச்சா லேசுல இறங்காது. மேல மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்கு உத்திரம், அதுக்கு மேல சின்னச் சட்டம், சட்டத்து மேல செங்கலை குத்தா வச்சு அடுக்கி, அதுக்கும் மேல செங்கல் ஜல்லி போட்ட சுண்ணாம்பு கான்கிரீட், கடைசியா தட்டோடு. தரைக்கும் கூரைக்கும் பதினாலு அடி. ஜன்னல் ஆள் உயரத்தை விடப் பெருசு, மரக் கதவு போட்டது.

1988 பிளாக் அப்படியே தலைகீழ். இடம் இல்லைன்னு வடக்கு தெற்கா கட்டிட்டாங்க, அதனால நீளமான பக்கம் மேற்கைப் பாத்து நிக்குது. மதியம் ரெண்டு மணியில இருந்து ஒம்போது இஞ்ச் சுவர் வெயிலைக் குடிச்சுக்கிட்டே இருக்கு. கூரை நாலரை இஞ்ச் ஸ்லாப், மேல தட்டோடு கிடையாது, வெறும் சிமெண்ட் பூச்சு. உயரம் பத்தடி. ஜன்னல் சின்னது, புழுதி வருதுன்னு பாதியை நிரந்தரமா சாத்தி வச்சிட்டாங்க, அதனால பட்டப்பகல்ல டியூப்லைட் எரிஞ்சாத்தான் போர்டு தெரியும். மார்ச் மாசம் மதியம் மூணு மணிக்கு ரெண்டு கட்டடத்துலயும் கூரையோட அடிப்பக்கத்தை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வச்சு பாத்தா ஏழெட்டு டிகிரி வித்தியாசம். மாடி ரூம்ல உக்காந்திருந்த எட்டாங்கிளாஸ் பிள்ளைங்க நோட்டால விசிறிக்கிட்டே இருந்தாங்க, தலைக்கு மேல நாலு ஃபேனும் அஞ்சுல ஓடுது, ஆனா அந்த ஃபேன் செய்யிறதெல்லாம் ஸ்லாப்ல இருந்து இறங்குற சூட்டை எடுத்து பிள்ளைங்க தலையில போடுறதுதான்.

இப்ப கணக்கு. பள்ளிக்கூடத்துக்கு மொத்தமா ஒரே மீட்டர், ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங், அதனால எந்தக் கட்டடம் எவ்வளவு இழுக்குதுன்னு ஈபி கார்டைப் பாத்து யாருக்கும் தெரியாது. பழையது மேல பழி போட வசதியா இருந்ததும் அதனாலதான். நான் ரூம் ரூமா போய் ஃபேன், லைட், மோட்டார் எல்லாத்தையும் எண்ணி, வாட்டைக் குறிச்சு, எத்தனை மணி நேரம் ஓடுதுன்னு வாத்தியார்மார்கிட்டயும் பிள்ளைங்ககிட்டயும் கேட்டு, வயர்ல ஓடுற கரண்டை அளக்கிற கிளாம்ப் மீட்டர் வச்சு சரிபாத்து, கடைசியில கார்டோட ஒப்பிட்டேன். வருஷத்துக்கு 25,000 யூனிட்டுக்கு கிட்ட வருது, கார்டும் அதேதான் சொல்லுது.

ரெண்டு பிளாக்லயும் பன்னெண்டு பன்னெண்டு ரூம், ரூமுக்கு நாலு ஃபேன், நாலு டியூப்லைட். ஃபேன் எல்லாம் 75 வாட் பழைய மாடல், லைட் 40 வாட் டியூப், இரும்பு சோக்கு சேத்து 52 வாட் ஆகுது. ஆக மாட்டியிருக்க சாமான்ல ரெண்டுக்கும் வித்தியாசமே இல்ல. ஆனா வருஷத்துக்கு 210 வேலை நாள்னு வச்சா, புது பிளாக்ல ஃபேனும் லைட்டும் காலைல இருந்து சாயங்காலம் வரை ஏழு மணி நேரமும் ஓடுது. பழைய பிளாக்ல ஃபேன் சராசரியா நாலு மணி நேரம்தான், லைட்டு ஐப்பசி கார்த்திகை மழைக்கால மேகமூட்டத்துல மட்டும்தான். ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கும்போது குத்தால சீசன் காத்து நம்ம பக்கம் எப்படி அடிக்கும்னு எல்லாருக்கும் தெரியும், அந்த மாசங்கள்ல பழைய பிளாக்ல தெக்கு ஜன்னலைத் திறந்தா நோட்டுப் புத்தகம் பறக்கும், ஃபேன் போட வேண்டிய அவசியமே இல்ல. முடிவா பாத்தா பழைய பிளாக் வருஷத்துக்கு 3,600 யூனிட் சொச்சம், புது பிளாக் 8,960. அதே அளவு பிள்ளைங்க, அதே பாடம், ரெண்டரை மடங்கு கரண்ட்.

மீதி எங்க போகுதுன்னா, கம்ப்யூட்டர் லேப்ல இருபது கம்ப்யூட்டரும் ரெண்டு ஏசியும் சேந்து 3,700க்கு கிட்ட, ஆபீஸ், பயாலஜி லேப் ஃப்ரிட்ஜ், சிசிடிவி எல்லாம் 1,200, அஞ்சு ஹெச்பி மோட்டார் 3,000.

கூட்டிப் பாத்தா இன்னும் 4,500 யூனிட் இடிக்குது. மே மாசம் பிள்ளைங்க ஒருத்தரும் இல்லாத நேரத்து ரீடிங்கும் நான் நினைச்ச அளவுக்கு இறங்கல. அப்ப ராத்திரியில ஏதோ ஓடுதுன்னு தெரிஞ்சுபோச்சு. ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மீட்டரைக் குறிச்சுக்கிட்டு மறுநாள் காலைல போய் பாத்தேன், பதினாலு யூனிட் ஏறியிருந்தது. வாட்ச்மேன் அண்ணாச்சிகிட்ட கேட்டேன். "கிரவுண்டு லைட்டு நாலும் நான் ஆறு மணிக்கு போட்டுருவேன் சார், காலைல அஞ்சு மணிக்கு அமத்துவேன், லீவுன்னு பாக்க மாட்டேன், இருட்டா கெடந்தா எவனாவது மதிலேறி வாரான்லா"ன்னார். அவர் கடமையை அவர் சுத்தமா செய்யுதார். ஆனா அந்த நாலும் 250 வாட் மெட்டல் ஹாலைடு லைட், சோக்கோட 280 வாட், பதினோரு மணி நேரம், 365 நாள். கணக்குப் போட்டா 4,497 யூனிட். பன்னெண்டு ரூம்ல பிள்ளைங்க உக்காந்து படிக்கிற பழைய கட்டடம் முழுக்க ஒரு வருஷம் எடுக்கிற கரண்டை விட, ஆளில்லாத கிரவுண்டுல எரியிற நாலு லைட்டு எடுக்கிறது ஜாஸ்தி. கமிட்டி மீட்டிங்ல இந்த வரியைப் படிக்கும்போதுதான் முதல் தடவையா எல்லாரும் நிமிந்து பாத்தாங்க.

கரண்டை கார்பன் டை ஆக்சைடா (சுருக்கமா கார்பன்னு சொல்றதும் இதைத்தான்) மாத்தணும்னா மத்திய மின்சார ஆணையம் வருஷா வருஷம் வெளியிடுற கிரிட், அதாவது மின்கட்டமைப்போட சராசரியை எடுத்துக்கணும், இப்ப அது யூனிட்டுக்கு 0.72 கிலோ பக்கம் நிக்குது. இந்த இடத்துல ஒருத்தர் நல்ல கேள்வி கேட்டார். நம்ம பக்கம் கயத்தாறு, பணகுடி, வள்ளியூர்னு எங்க பாத்தாலும் காத்தாடி, கூடங்குளத்துல ரெண்டாயிரம் மெகாவாட், 1944ல இருந்து பாபநாசம் தண்ணிக் கரண்டு, அப்புறம் நம்ம கரண்டு சுத்தமானதுதானேன்னு. நியாயமா தோணும். ஆனா 2013 டிசம்பர் 31ல தென்மாநில கிரிட்டை மத்த கிரிட்டோட இணைச்சதுக்கு அப்புறம் நாடு முழுக்க ஒரே கிரிட். பணகுடி காத்தாடியில வர்ற கரண்டை பாளையங்கோட்டைக்காரன் மட்டும் தனியா எடுத்துக்கிட்டேன்னு சொல்ல முடியாது, பக்கத்து தூத்துக்குடியில அனல்மின் நிலையத்துல எரியிற நிலக்கரியும் அதே கம்பியிலதான் வருது. நமக்கு வர்ற யூனிட் எந்த நிலையத்துலதுன்னு பிரிக்க முடியாது, அதனால சராசரியை வச்சுதான் பேசணும். 25,000 யூனிட்டுக்கு 18 டன். அதுல பழைய பிளாக்கோட பங்கு 2.6 டன்.

ஆனா ஈபி கார்டோட கணக்கு முடிஞ்சுராது. பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு பஸ் இருக்கு, ஒவ்வொண்ணும் ஒரு நாளைக்கு எழுபது கிலோமீட்டர் சுத்துது, லிட்டருக்கு அஞ்சு கிலோமீட்டர்தான் குடுக்குது. வருஷத்துக்கு கிட்டத்தட்ட 5,900 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் டீசல் எரிஞ்சா 2.68 கிலோ, ஆக 15.8 டன். அதாவது மொத்தப் பள்ளிக்கூடமும் எடுக்கிற கரண்டுக்கு கிட்டத்தட்ட சமம், இவ்வளவு பெரிய தொகை கட்டட விவாதத்துல யார் வாயிலயும் வரல. ஜெனரேட்டருக்கு ஒரு 300 லிட்டர், 0.8 டன்.

சத்துணவுக் கூடம் அடுத்தது. காமராஜர் காலத்துல 1956ல எட்டயபுரத்துல ஆரம்பிச்சு, 1982ல எம்ஜிஆர் விரிவுபடுத்தின திட்டம், நம்ம பக்கத்துப் பிள்ளைங்களுக்கு இதோட அருமையை நான் சொல்ல வேண்டியதில்ல. இங்க வருஷத்துக்கு நாப்பத்திரெண்டு சிலிண்டர் ஆகுது, 14.2 கிலோ சிலிண்டர் ஒண்ணுக்கு 42 கிலோ கார்பன் டை ஆக்சைடு, எல்லாம் சேத்து 1.8 டன்தான். இதுல குறைக்கிறேன்னு யாரும் கை வைக்கக் கூடாது. ஒண்ணு மட்டும், கேஸ் தீந்துபோற நாள்ல சமையல்கார அக்கா சீமைக் கருவேல விறகுல சமைக்காங்க. மரத்துல இருந்து வர்ற கார்பனை வழக்கமா தனியாத்தான் காட்டுவாங்க, அதனால மொத்தத்துல சேராது, ஆனா அந்தப் புகை முழுக்க அவங்க கண்ணுலயும் நெஞ்சுலயும்தான் போகுது. ஸ்பேர் சிலிண்டர் எப்பவும் இருக்கணும்னு ரிப்போர்ட்ல தனியா எழுதியிருக்கேன்.

இன்னொண்ணு யாரும் எதிர்பாக்காதது, லேப் ஏசியோட கேஸ். பழைய ஏசி, ஆர்22 கேஸ். ரெண்டுல ஒண்ணு வருஷா வருஷம் லீக் ஆகுது, மெக்கானிக் வந்து ஒரு கிலோ சொச்சம் ஏத்திட்டுப் போறார், லீக்கை யாரும் அடைக்கல. அந்த கேஸ் ஒரு கிலோ வெளிய போனா 1,800 கிலோ கார்பன் டை ஆக்சைடு போன மாதிரி. 900 பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடத்துல வருஷம் பூரா சத்துணவு சமைக்கிற அடுப்பும், ஒரு ஏசி பைப்புல இருக்க கண்ணுக்குத் தெரியாத ஓட்டையும் ஒரே அளவு. ஓசோன் படலத்தைக் காக்கிற சர்வதேச ஒப்பந்தத்துக்குள்ள வர்ற கேஸ்ங்கிறதால முறைப்படி இதையும் தனி வரியிலதான் எழுதணும்.

எல்லாம் கூட்டினா வருஷத்துக்கு 36 டன்னு சொச்சம், ஏசி கேஸையும் சேத்தா 38.

சரி, இடிச்சுக் கட்டினா என்ன ஆகும்? கான்ட்ராக்டர்மார் வச்சிருக்க தோராயக் கணக்கு சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்ட், 4 கிலோ கம்பி. பத்தாயிரம் சதுர அடிக்கு நாலாயிரம் மூட்டை, 200 டன் சிமெண்ட், 40 டன் கம்பி. சிமெண்ட் டன்னுக்கு 0.6 டன் கார்பன்னு குறைச்சே வச்சாலும் 120 டன். இதுல பாதிக்கு மேல நிலக்கரியில இருந்து வர்றது இல்ல, சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது கல்லுக்குள்ள இருந்தே வெளிய வர்றது, அதனால எவ்வளவு நல்ல சூளை வச்சாலும் முழுசா தவிர்க்க முடியாது. தாழையூத்துல 1949ல இருந்து சிமெண்ட் ஆலையைப் பாத்து வளந்த ஊர்க்காரங்களுக்கு அந்தக் கல்லும் புழுதியும் நல்லாவே தெரியும். நம்ம நாட்டு இரும்பு டன்னுக்கு 2.5 டன், அப்ப கம்பிக்கு 100 டன். செங்கல், டைல்ஸ், லாரி வாடகை டீசல் எதுவும் சேக்காமலே 220 டன் ஆச்சு.

பழைய பிளாக் வருஷத்துக்கு 2.6 டன். புதுசா கட்டுற கட்டடம் ஒரு யூனிட் கரண்ட் கூட எடுக்காதுன்னு வச்சுக்கிட்டாலும், இந்த 220 டன்னை ஈடுகட்ட 80 வருஷத்துக்கு மேல ஆகும். அது நடக்கவும் போறதில்ல, ஏன்னா புதுசா வர்றது 1988 பிளாக் மாதிரிதான் இருக்கும், கரண்டு கூடத்தான் செய்யும். பழைய சுவர்ல உள்ள சுண்ணாம்புக்கும் ஒரு காலத்துல சூளை எரிஞ்சதுதான், ஆனா சுண்ணாம்புக் காரை இறுகும்போது காத்துல இருந்து கார்பனை திரும்ப உறிஞ்சிக்கிட்டுதான் கல்லாகுது, அந்தக் கடன்ல பெரும்பகுதி எப்பவோ தீந்து போச்சு.

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சொன்னது இதுதான். சுவர்ல, அஸ்திவாரத்துல பிரச்சினை இல்ல. வடமேற்கு மூலையில தட்டோடு பேந்து மழைத்தண்ணி இறங்கி ரெண்டு உத்திரத்தோட முனை இத்துப் போயிருக்கு, கரையானும் ஏறியிருக்கு, அந்த ரெண்டு ரூமையும் உடனே பூட்டணும், உத்திரத்தை மாத்தின பிறகுதான் திறக்கணும். அன்னைக்கே பூட்டிட்டாங்க, அதுல ஹெச்எம் சார் ஒரு நிமிஷம் யோசிக்கல. இன்னொண்ணும் சொன்னார். கொஞ்ச வருஷத்துக்கு முன்ன சுவரோட கீழ்ப்பகுதிக்கு சிமெண்ட் பூச்சு பூசி எமல்ஷன் அடிச்சிருக்காங்க. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ள இழுத்து வெளிய விடும், சிமெண்ட் அதை அடைச்சிரும். 2023 டிசம்பர் பெருமழைக்கு அப்புறம் அந்தச் சுவர் காயவே இல்ல, பூச்சு பொருக்கு பொருக்கா உதிருது, பிள்ளைங்க பை வைக்கிற இடத்துல எல்லாம் உப்பு பூத்திருக்கு. "கட்டடம் இத்துப் போச்சு"ன்னு எல்லாரும் கையைக் காட்டின இடமே இதுதான். சிமெண்டைக் கொத்தி எடுத்துட்டு திரும்ப சுண்ணாம்பு பூசணும், இப்பவும் அந்த வேலை தெரிஞ்ச கொத்தனார் நம்ம பக்கம் ஆள் இருக்காங்க, கொஞ்சம் தேடணும், கூலி கூட ஆகும்.

என்ன செய்யலாம்னு நான் குடுத்த வரிசையில முதல்ல கிரவுண்டு லைட்டுதான். நாலையும் 70 வாட் எல்இடியா மாத்தினா வருஷத்துக்கு 3,370 யூனிட் மிச்சம், இருட்டும் ஆகாது, அண்ணாச்சி பயமும் தீரும். அடுத்தது புது பிளாக்ல மட்டும் 48 ஃபேனையும் 30 வாட் பிஎல்டிசியா, அதாவது கம்மி கரண்ட்ல ஓடுற புது மாடலா மாத்துறது, 3,170 யூனிட். அதே பிளாக்ல டியூப்பை 20 வாட் எல்இடியா மாத்தினா 2,250. பழைய பிளாக்ல இப்போதைக்கு எதையும் மாத்த வேண்டாம்னே எழுதினேன், அங்க ஓடுற நேரமே குறைவு, கையில இருக்க காசு முதல்ல எங்க ஜாஸ்தி ஓடுதோ அங்க போகட்டும், கெட்டுப் போறப்ப ஒவ்வொண்ணா மாத்திக்கலாம். மோட்டாருக்கு ஒரு ஃப்ளோட் சுவிட்ச் போட்டு, டேங்க் நிரம்பி வழியிறதையும் கழிப்பறை குழாய் ஒழுகுறதையும் நிறுத்தினா ஆயிரம் யூனிட். எல்லாம் சேத்தா 9,800 யூனிட், கிட்டத்தட்ட நாப்பது சதவீதம், ஏழு டன் கார்பன். இதுக்காக ஒரு செங்கலையும் பேக்க வேண்டாம்.

புது பிளாக் மொட்டை மாடிக்கு வெள்ளையா சூடு திருப்பற பெயிண்ட் அடிச்சு, சாத்தி வச்ச ஜன்னலுக்கு வலை போட்டு திறந்து விடணும், மேற்குச் சுவரை ஒட்டி வேம்பும் புங்கமும் வைக்கணும். மரம் நிழல் தர அஞ்சாறு வருஷம் ஆகும், அதனால இன்னைக்கே வைக்கணும். சோலார் போடுறதா இருந்தா அதுவும் அந்த ஸ்லாப் மேலதான். நம்ம ஜில்லா வெயிலுக்கு 10 கிலோவாட் போட்டா வருஷத்துக்கு 15,000 யூனிட் கிடைக்கும், மிச்சம் பிடிச்சது போக மீதித் தேவையும் அதே அளவுதான் வருது, பேனல் நிழல்ல ஸ்லாப்பும் குளுந்து போகும். பழைய டெரஸ் மேல பேனலோட கனத்தை ஏத்தவே கூடாது. முதல்ல வீணாப் போறதை நிறுத்திட்டுத்தான் சோலாருக்குப் போகணும்ங்கிறதுல நான் பிடிவாதமா இருந்தேன், இல்லேன்னா ராத்திரி கிரவுண்டுக்கு வெளிச்சம் குடுக்கிறதுக்கு பகல்ல பேனல் வாங்கின கதையாயிரும்.

இப்போதைய நிலவரம்: கிரவுண்டு லைட் மாத்தியாச்சு, பழைய மாணவர் சங்கத்துக் காசு. ஃப்ளோட் சுவிட்ச் போட்டாச்சு. லீக் ஆன ஏசியைக் கழட்டிட்டாங்க, மிச்ச கேஸை வெளிய விடாம சிலிண்டர்ல பிடிச்சு எடுக்கணும்னு நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன். லேப்பை பழைய பிளாக்ல ஒரு ரூமுக்கு மாத்த முடியுமான்னு பேச்சு நடக்குது, மாத்தினா இன்னொரு ஏசிக்கும் வேலை பாதியாக் குறையும். ஃபேன் இருபத்தி நாலு வந்திருக்கு, மாடி ரூமுக்கு முதல்ல மாட்டச் சொல்லியிருக்கேன். பஸ் ரெண்டும் ரெட்டியார்பட்டி ரோட்டுல பாதி தூரம் ஒண்ணு பின்னால ஒண்ணா போகுது, ரூட்டைப் பிரிச்சுப் போட்டா ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டராவது மிச்சமாகும், டிரைவர்மாரோட உக்காந்து பேசி ஜூன்ல இருந்து மாத்தலாம்னு முடிவு. உத்திரம் மாத்துறதுக்கும் சுண்ணாம்பு பூசுறதுக்கும் எஸ்டிமேட் கேட்டிருக்காங்க, இடிக்கிற தீர்மானத்தை கமிட்டி தள்ளி வச்சிருக்கு, கைவிடல. எஸ்டிமேட் வந்ததும் ரெண்டு செலவையும் பக்கத்துல பக்கத்துல வச்சு திரும்ப கூடுவாங்க.